பிரவுசர் செட்டிங்ஸில் எதை மாற்றினால் எந்தக் கண் மூடும்?

ராத்திரி பதினோரு மணிக்கு முதுகுவலி தாங்காமல், என்ன உடற்பயிற்சி செய்தால் குறையும் என்று ஒரு மருத்துவத் தளத்தில் போய்ப் படிக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லை, பெயர் கொடுக்கவில்லை, எதையும் வாங்கவும் இல்லை. மறுநாள் காலையில் செய்தி படிக்க வேறொரு தளத்தைத் திறந்தால் பத்திக்குப் பத்தி நடுவே முதுகுக்கு இதமான மெத்தை, இடுப்பில் கட்டும் பெல்ட், வலித் தைலம். போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது என்று பலர் நம்புவதற்கு இந்த மாதிரி அனுபவங்கள்தான் காரணம். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் திறந்த பக்கமே போய்ச் சொல்லிவிட்டது. அது எப்படிச் சொன்னது என்று புரிந்தால்தான் எந்த செட்டிங்கைத் தொட்டால் என்ன நிற்கும் என்று தெரியும். புரியாதவர்கள் இன்காக்னிட்டோவை, அதாவது ஹிஸ்டரியைச் சேமிக்காத பிரவுசர் ஜன்னலை, திறந்து வைத்துக்கொண்டு யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவாக இருந்தாலும் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்துகொண்டு எஃப்12 பொத்தானை அழுத்தி, வருகிற பலகையில் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பட்டியல் ஓட ஆரம்பிக்கும். முதல் வரி நீங்கள் கேட்ட பக்கம். அடுத்த சில வரிகள் அந்தத் தளத்தின் படங்கள், எழுத்துருக்கள். அப்புறம் நீங்கள் வாழ்க்கையில் கேள்விப்பட்டே இராத பெயர்கள் வரிசையாக வரும்: விளம்பர ஏலம் நடத்துகிறவர்கள், வாசகர் எண்ணிக்கை அளப்பவர்கள், சமூக வலைத்தளத்தின் பொத்தானுக்குப் பின்னால் இருப்பவர்கள். நீங்கள் திறந்தது ஒரே ஒரு பக்கம். ஆனால் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டபடி உங்கள் பிரவுசர் இத்தனை பேரின் கதவையும் தட்டியிருக்கிறது. தட்டும்போது கையில் குக்கீயையும் எடுத்துப் போகிறது.

குக்கீ கெட்ட நோக்கத்தோடு பிறந்ததல்ல. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி அதை உருவாக்கினார். அன்றைக்கு வெப்சைட்டுகளுக்கு ஞாபகசக்தி என்பதே கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், போட்டது யார் என்று தளத்துக்குத் தெரியாது. அதனால் தளம் ஒரு சின்னக் குறிப்பை பிரவுசரிடம் கொடுத்து வைக்கும், பிரவுசர் அடுத்த முறை வரும்போது அதை அப்படியே திருப்பிக் காட்டும். இன்றைக்கும் நாம் லாகின் செய்தால் லாகின் ஆகியே இருப்பது இதனால்தான். இது இல்லாமல் இணையம் ஓடாது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பக்கத்துக்குள் ஒட்டியிருக்கும் விளம்பரத் துண்டும் இதே மாதிரி குக்கீ வைக்கலாம் என்று ஆனபோது. மருத்துவத் தளத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் துண்டு இருக்கிறது. அது உங்கள் பிரவுசருக்கு 48109923 என்று ஒரு எண் கொடுக்கிறது. மறுநாள் செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் துண்டு இருக்கிறது. உங்கள் பிரவுசர் 48109923 என்று காட்டுகிறது. உங்கள் பெயர் அவர்களுக்கு வேண்டாம். நேற்று முதுகுவலியைப் பற்றிப் படித்த 48109923-தான் இன்று செய்தி படிக்கிறது என்பது போதும். இந்த ஆபத்து அப்போதே தெரிந்திருந்தது என்பதுதான் வருத்தம். 1997-ல் வந்த குக்கீக்கான முதல் தர ஆவணம், ஆர்எஃப்சி 2109, இப்படி மூன்றாம் ஆள் வைக்கும் குக்கீக்கு பிரவுசர்கள் தாமாக இடம் கொடுக்கக் கூடாது என்றே சொன்னது. அன்றைய பெரிய பிரவுசர்கள் இரண்டுமே அதைக் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளம் நம்மைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் பார்க்கத்தான் செய்வார். பத்துக் கடைகளில் பார்த்ததை ஒரே ஆள் ஒரே பெயரில் கோர்த்து வைப்பதுதான் டிராக்கிங். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாத தகவல்கள் கோர்க்கப்பட்டதும் உங்கள் உடம்பு, கடன், மதம், அரசியல், மன உளைச்சல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்த செட்டிங்கைப் பார்த்தாலும் இது எந்தக் கோர்வையை அறுக்கிறது என்று கேளுங்கள். எதையும் அறுக்கவில்லை என்றால் அது வெறும் ஆறுதல்.

இந்தக் கேள்வியோடு பிரவுசர்களைப் பார்ப்போம். சஃபாரி 2017-லேயே இந்தக் கோர்வையைக் கட்டுப்படுத்த ஆரம்பித்து, 2020 மார்ச்சில் மூன்றாம் ஆள் வைக்கும் இந்தக் குக்கீகளை, அதாவது மூன்றாம் தரப்புக் குக்கீகளை, முழுசாக நிறுத்திவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ப்ரிவென்ட் கிராஸ் சைட் டிராக்கிங் என்ற செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் தெரிந்த டிராக்கர்களின் குக்கீகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. 2022 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனது. அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் யோசனை அவ்வளவு அழகு.

தடுப்புப் பட்டியல் வைத்து ஆளைப் பிடிப்பது முடிவில்லாத ஓட்டம். இன்று ஒரு பெயரைத் தடுத்தால் நாளை வேறு பெயரில் வருவார்கள். அதனால் ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா வைத்துவிட்டது. மருத்துவத் தளத்தில் இருக்கும்போது அந்த விளம்பரத் துண்டு கொடுத்த எண் மருத்துவத் தளத்தின் டப்பாவுக்குள் போகும். செய்தித் தளத்துக்கு வந்தால் டப்பா வேறு, உள்ளே எண் இல்லை, துண்டு உங்களைப் புது ஆள் என்று நினைத்து வேறொரு எண்ணைக் கொடுக்கும். அதே நிறுவனம் இரண்டு இடத்திலும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் குக்கீ வைக்கிறது, ஆனால் இரண்டையும் கோர்க்க முடியவில்லை. லாகின் கெடவில்லை, கூடை காலியாகவில்லை. டோட்டல் குக்கி ப்ரொடெக்ஷன் என்று பெயர். இதுவும் தானாகவே ஆனில் இருக்கிறது.

இன்னும் இறுக்க வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரிக்ட், கஸ்டம் என்று மூன்று இருக்கும், ஸ்ட்ரிக்ட் போடுங்கள். நான் சில வருஷமாக ஸ்ட்ரிக்டில்தான் இருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு தளத்தில் பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக வந்து நின்றது, இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, இதற்குத்தான் இந்த வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்றப் போனேன். பிறகுதான் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் கேடயப் படத்தைக் கவனித்தேன். அதைத் தொட்டால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தலாம். மற்ற எல்லா இடத்திலும் ஸ்ட்ரிக்ட் அப்படியே இருக்கும். நிறைய பேர் ஒரு பக்கம் உடைந்ததும் மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறார்கள். அந்தக் கேடயத்தைத் தெரிந்து வைத்திருந்தால் கைவிட வேண்டியதில்லை.

குரோம் கதை வேறு. மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு வருஷத்துக்குள் ஒழித்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. தள்ளிப் போட்டது, மறுபடி தள்ளிப் போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, பயனரிடம் கேட்டுக்கொள்கிறோம் என்றது. 2025 ஏப்ரலில் அப்படித் தனியாகக் கேட்கப் போவதும் இல்லை என்று சொல்லிவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. எது எப்படியோ, பூட்டு உங்கள் கையில் இருக்கிறது: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ், அதில் பிளாக். அரை நிமிஷ வேலை. முன்பு இதைச் செய்தால் பாதித் தளங்கள் படுத்துவிடும் என்ற பயம் நியாயமாக இருந்தது. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் பல வருஷமாகத் தடுத்து வருவதால் பெரும்பாலான தளங்கள் தங்களைச் சரிசெய்துகொண்டுவிட்டன. எட்ஜில் டிராக்கிங் ப்ரிவென்ஷன் என்ற இடத்தில் பேலன்ஸ்ட் என்று இருப்பதை ஸ்ட்ரிக்ட் ஆக்கலாம்.

இப்போது இன்காக்னிட்டோ. அது உங்கள் வீட்டில் அதே போனை அடுத்து எடுப்பவரிடமிருந்து உங்களைக் காப்பாற்றும். ஜன்னலை மூடியதும் ஹிஸ்டரி போய்விடும், குக்கீ போய்விடும், குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயும் அங்கே இயல்பாகவே தடைபட்டிருக்கும். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் நீங்கள் போகும் தளங்களுக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண், தெரியும், அலுவலக நெட்வொர்க்கை நடத்துபவருக்கும் இணைய இணைப்பு தருபவருக்கும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரியும், அந்த ஜன்னலுக்குள் லாகின் செய்தால் லாகின் செய்த இடத்துக்கு எல்லாமே தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தும் எங்களைப் பின்தொடர்ந்தார்கள் என்று அமெரிக்காவில் 2020-ல் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம் ஆனபோது கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது, இன்காக்னிட்டோ ஜன்னலில் வரும் விளக்க வாசகமும் மாறியது. அந்த வாசகத்தை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். எது மறையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

விபிஎன் பற்றியும் இதே குழப்பம். உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் உங்கள் ஐபி முகவரியை மாற்றும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய இணைப்பு தருபவரிடமிருந்து மறைக்கும், அவ்வளவுதான். 48109923 என்ற குக்கீ உங்கள் பிரவுசரில் இருக்கும்வரை நீங்கள் எந்த நாட்டு முகவரியில் வந்தாலும் அதே 48109923-தான்.

குக்கீயைத் தடுத்தால் வேறு வழியில் கோர்க்கப் பார்ப்பார்கள். அதில் ஒன்று லிங்க். சமூக வலைத்தளத்தில் ஒரு லிங்கைத் தொட்டுப் போனால் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, பிறகு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால் உங்களுக்கென்றே போட்ட முத்திரை. அதை நண்பருக்கு அப்படியே அனுப்பினால் நீங்கள் இருவரும் தெரிந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஸ்ட்ரிக்ட் போட்டால் தெரிந்த வால்களை அதுவே வெட்டிவிடும், சஃபாரி 2023-லிருந்து பிரைவேட் ஜன்னலில் வெட்டுகிறது, பிரேவ் பிரவுசரும் வெட்டுகிறது. மற்ற இடங்களில் கையால் வெட்டலாம். கேள்விக்குறியில் இருந்து அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள், பக்கம் ஒழுங்காக வந்தால் அந்தச் சுருக்கமான முகவரியையே அனுப்புங்கள்.

இன்னொன்று பிரவுசரின் கைரேகை. இது கொஞ்சம் கஷ்டமான இடம். உங்கள் திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், கிராபிக்ஸ் அட்டை ஒரு படத்தை வரையும்போது காட்டும் நுண்ணிய வித்தியாசம், இப்படிப் பலவற்றைப் பக்கத்தில் ஓடும் நிரல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொன்றும் பல பேருக்குப் பொதுவானது, ஆனால் எல்லாம் சேர்ந்து ஒத்துப்போகிறவர் ரொம்பக் குறைவு. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்த சுமார் 4,70,000 பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணும்படி இருந்தன. குக்கீயாவது உங்கள் கணினியில் இருக்கும் பொருள், அழிக்கலாம். கைரேகையில் அழிக்க ஒன்றுமே இல்லை.

இதில் பலர் சறுக்குவது எங்கே என்றால், பாதுகாப்பு என்று நினைத்து பத்து எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்), யாரும் பயன்படுத்தாத பிரவுசர், மூலையில் கிடக்கும் விசித்திர செட்டிங் எல்லாம் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கலவை உலகத்திலேயே அவர் ஒருவரிடம்தான் இருக்கும், அதுவே அடையாளம் ஆகிவிடும். கூட்டத்தில் மறைய வேண்டுமென்றால் கூட்டத்தைப் போல உடுத்த வேண்டும். அடையாளத்தை மறைப்பதற்கென்றே செய்த டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே அச்சில் காட்டப் பார்ப்பதும், ஜன்னலின் அளவைக்கூட குறிப்பிட்ட சில அளவுகளாக உருட்டிச் சொல்வதும் இதற்காகத்தான். பிரேவ் வேறு வழியில் போகிறது: கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது, அதனால் நேற்றைய ரேகையும் இன்றைய ரேகையும் பொருந்தாது. சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர்கள் பிரவுசரை அவ்வப்போது அப்டேட் செய்து, அதிலேயே உள்ள தடுப்பை ஆனில் வைத்தால் போதும். உங்கள் பிரவுசர் எவ்வளவு தனியாகத் தெரிகிறது என்று எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் நடத்தும் கவர் யுவர் டிராக்ஸ் என்ற தளத்தில் சோதித்துப் பார்க்கலாம், ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டூ நாட் டிராக் என்று ஒரு செட்டிங் இருந்ததே என்று கேட்பீர்கள். பின்தொடராதே என்று தளங்களிடம் வேண்டிக்கொள்ளும் செட்டிங் அது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, பெரும்பாலானவர்கள் கேட்கவும் இல்லை. அதை ஆனில் வைத்திருப்பதே ஒரு அடையாளமாகிவிடலாம் என்று சொல்லி சஃபாரி 2019-ல் அதை எடுத்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 2025-ல் எடுத்துவிட்டது. அதன் இடத்தில் 2020-ல் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் வந்தது. பார்க்க அதே மாதிரிதான், ஆனால் கலிபோர்னியாவில் இதை மதிப்பது சட்டப்படி கட்டாயம். மதிக்காததும் ஒரு காரணமாகச் சேர்ந்து அழகுசாதனப் பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் 2022-ல் 12 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. வேண்டுகோள் ஒன்றுதான், பின்னால் சட்டம் நின்றதும் அதற்கு வலு வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் என் தகவலை விற்காதே, பகிராதே என்று தளங்களுக்குச் சொல்லும் பெட்டி இருக்கும், டிக் போடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். விளம்பரத்தையும் டிராக்கரையும் தடுக்கும் நல்ல தடுப்பான் ஒன்று போதும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போடலாம், ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் அது வேலை செய்யும். குரோமில் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சிறிய வடிவம்தான் கிடைக்கும், ஆண்ட்ராய்டு குரோமில் எதுவுமே போட முடியாது. அதற்கு மேல் போடும் ஒவ்வொன்றும், எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தகவலையும் படிக்க அனுமதி என்று கேட்கும்போது நின்று யோசியுங்கள். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் டிராக்கிங்கைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, தன் எக்ஸ்டென்ஷன் வழியாகவும் மென்பொருள் வழியாகவும் மக்கள் போன தளங்களின் விவரத்தைச் சேர்த்து ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம் சாட்டியது, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள். காவலுக்கு என்று வைத்த ஆளே கணக்கை வெளியே கொடுத்த கதை. இதைப் படித்த அன்று என் பிரவுசரில் இருந்த எக்ஸ்டென்ஷன்களில் பாதிக்கு மேல் நீக்கினேன், எதற்காகப் போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லாதவை அவை.

போனில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சமூக வலைத்தள ஆப்பில் ஒரு லிங்கைத் தொட்டால் பல நேரம் உங்கள் பிரவுசர் திறக்காது, ஆப்புக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசர் திறக்கும். நீங்கள் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங் ஒன்றும் அங்கே செல்லாது. அந்த ஜன்னல் ஆப்காரருடையது, அதற்குள் நடப்பதைப் பார்க்கும் வசதியும் அவருக்கு இருக்கிறது. மேல் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால் பிரவுசரில் திற என்று வரும். சில ஆப்களில் எப்போதும் வெளி பிரவுசரிலேயே திறக்கும்படி செட்டிங்ஸில் வைத்துவிடலாம்.

பிரவுசர் எதுவும் செய்ய முடியாத இடம் லாகின். ஒரு நிறுவனத்தின் கணக்கில் உள்ளே நுழைந்த பிறகு அந்த நிறுவனத்துக்குக் குக்கீ கோர்வையும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். நீங்களே பெயர் சொல்லிவிட்டீர்கள். நான் செய்வது இதுதான்: மெயிலும் சமூக வலைத்தளமும் ஒரு பிரவுசரில் லாகின் ஆகியே இருக்கும், தேடுவதும் படிப்பதும் எதிலும் லாகின் ஆகாத இன்னொரு பிரவுசரில். உடம்பு சம்பந்தமாக எதைத் தேடினாலும் இரண்டாவதில்தான். முதல் வாரம் தொந்தரவாக இருந்தது, அப்புறம் கை தானாகவே சரியான ஐகானைத் தொட ஆரம்பித்துவிட்டது.

இன்றைக்கே செட்டிங்ஸை மாற்றப் போகிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். பிளாக் என்று வைத்த பிறகும் பழைய குக்கீகள் பிரவுசருக்குள்ளேயே கிடக்கும். குரோமில் ஒரு குக்கீ 400 நாள் வரை உயிரோடு இருக்கலாம். அதனால் முதலில் செட்டிங்ஸை மாற்றுங்கள், பிறகு வேண்டாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள், கடைசியாக பிரவுசிங் டேட்டாவில் குக்கீகள் எல்லாவற்றையும் ஒரு முறை அழியுங்கள். அழித்ததும் எல்லாத் தளங்களிலிருந்தும் லாக் அவுட் ஆகிவிடுவீர்கள், பாஸ்வேர்டுகள் கையில் இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.